ஆயுள் நீட்டிப்பும் பணி நீட்டிப்பும்

மரணத்தை ஒழிக்கவே பிறந்தது எங்கள் நிறுவனம். அதில் நிர்வாக அதிகாரியாக உட்காரும் பேறு எனக்கு வாய்த்தது முன்வினைப் பயன். எங்கள் தெருவைக் கடக்கும்போது எமனே எருமையை விட்டு இறங்கி நடக்கிறான் என்று கேள்வி.

எங்கள் ஆராய்ச்சி எளிமையானது. உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய மின்நிலையங்கள் இருக்கின்றன. அவை பழுதாகிப் புகைய ஆரம்பித்தால் நமக்கு முதுமை. பழுதானதைச் செல் தானே தின்றுவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டால் ஆயுள் நீளும். இதை நிரூபித்தவள் எங்கள் புழுக்கூடத்துப் பெண். அவள் வளர்த்த புழுக்கள் இரண்டு மடங்கு காலம் வாழ்ந்து, கடைசிவரை சுறுசுறுப்பாக நெளிந்தன. அவள் மட்டும் 'தற்காலிக' ஊழியர். வேலையில் சேர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகன் இப்போது அவளைவிட உயரம். ஆனாலும் தற்காலிகம்.

இயக்குநர் எழுபதைத் தாண்டியவர். மூன்றாவது பணி நீட்டிப்பில் இருப்பவர். கூட்டங்களில் கண்மூடிச் சிந்திப்பார். சிந்தனை ஆழமானால் குறட்டை கேட்கும்.

புழுக்களின் வெற்றியைக் கேட்டு விழித்துக்கொண்டார். "பிரமாதம்! இந்தத் தத்துவத்த நம்ம நிறுவனத்துக்கும் கொண்டு வரணும். பழுதானத வெளியேத்தினாத்தான் நிறுவனத்துக்கு ஆயுசு கெட்டி."

'பழுது கண்டறியும் உயர்நிலைக் குழு' அமைந்தது. தலைவர், இயக்குநரே.

முதல் கூட்டத்தில் துணை இயக்குநர் பணிவாகக் கேட்டார்: "ஐயா, எது பழுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

விளக்கம் சொல்ல வரவழைத்திருந்த புழுக்கூடத்துப் பெண் முந்திக்கொண்டாள். "செல்லுல அது சுலபம் சார். சக்தி எதுவும் தராது. இடத்த மட்டும் அடைச்சுக்கிட்டு இருக்கும். பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும்."

எல்லோரும் அவரவர் தேநீர்க் கோப்பையை ஆராய்ந்தோம். தலைமை நாற்காலிப் பக்கம் போய்விடாமல் கண்களைப் பிடித்து நிறுத்த நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இயக்குநர் அவளைக் கனிவோடு பார்த்தார். "எவ்வளவு தெளிவா சொல்லுது பாரு பொண்ணு! ஆமா, நீ தற்காலிகம்தானே?"

"ஆமா சார்."

"அப்போ முறைப்படி பார்த்தா நீ இங்க இல்லவே இல்ல. இல்லாத ஆளு எப்படிம்மா இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கலாம்?"

குழு ஒருமனதாக வியந்தது. பழுது 'கண்டறியப்பட்டது'.

மாலையில் அவள் பையோடு கிளம்பியபோது வாசல்வரை போனேன்.

"புழுவுக்கெல்லாம் யார் சார் சாப்பாடு வைப்பாங்க?" என்றாள். தன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கவலப்படாதம்மா, அதுக்கும் ஒரு குழு போடுவோம்."

போட்டோம். எதை ஊட்டுவது என்று உறுப்பினர்களிடையே ஆரோக்கியமான விவாதம் நடந்தது. விவாதம் ஆரோக்கியமாகத்தான் இருந்தது, புழுக்கள்தான் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் தட்டுகளில் ஒன்றுகூட நெளியவில்லை.

"இயற்கையான மூப்புன்னு எழுதிடுங்க," என்றார் இயக்குநர்.

எழுதிய கையோடு அவருக்கு நான்காவது நீட்டிப்பும் வந்தது. பாராட்டு விழாவுக்கு வந்த நிருபர் என்னைத் தனியே பிடித்தார். "ஐயா இந்த வயசுலயும் அசையாம உட்கார்ந்திருக்காரே, அதுக்குக் காரணம் செல்தானா?"

"சந்தேகமென்ன, செல்தான்," என்றேன் பெருமையோடு. "ஆனா உடம்புக்குள்ள இருக்கற செல் இல்லங்க. மரத்த அரிக்குதே, அந்தச் செல். மரம் மிச்சம் இருக்கறவரைக்கும் அதுக்குச் சாவே கிடையாது."