கோஷர் கையும் கூழ்ப்பானையும்

இனிமேல் என் வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூடக் கழுவுவதில்லை என்று இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஒரு மாலை, மொன்றியல் மெட்ரோவில் நின்றுகொண்டே தீர்மானித்தேன். இருக்க இடம் கிடைத்திருந்தால் தீர்மானம் இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது.

என் வேலை அப்படி. யூதர்களின் கலியாணங்களுக்கு, கோஷர் என்கிற அவர்களின் சமய விதிப்படி சமைத்து அனுப்பும் கூடத்தில் நான் சட்டி கழுவுபவன். அங்கே இறைச்சிச் சட்டிக்கு ஒரு தொட்டி, பால் சட்டிக்கு இன்னொரு தொட்டி. ஒரு கரண்டி இடம் மாறினாலும் மெண்டல் வந்து நிற்பார். எல்லாம் அவர்களின் சமய முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் தாடிக்காரர். திட்டமாட்டார். பெருமூச்சு மட்டும் விடுவார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி கௌரி. அவளிடமும் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. மீன் காய்ச்சிய சட்டியை வெள்ளிக்கிழமைச் சைவச் சட்டியோடு சேர்த்து வைத்தால் அவள் பெருமூச்சோடு நிறுத்தமாட்டாள்.

அன்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"இஞ்சாரும், வேலையிடத்தில புதுச் சட்டம். கோஷர் சட்டி கழுவுற கையால வெளிச் சட்டி தொடக்கூடாதாம்."

"ஆர் சொன்னது?"

"மெண்டல்."

"சைவச் சட்டியும் தொடக்கூடாதோ?"

"மச்சம் காய்ச்சிற வீட்டில எல்லாச் சட்டியும் ஒண்டுதானாம்."

கௌரி என் கையைப் பார்த்தாள். "மற்றாக்களின்ர சமயம். மதிக்கத்தானே வேணும்," என்று சொல்லிவிட்டுத் தானே கழுவப் போனாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் எதையும் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஹொக்கி பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் சிநேகிதர் கிருபானந்தன் சாப்பிட வந்தார். கௌரி ஒடியல் கூழ் காய்ச்சினாள். பனங்கிழங்கு மாவோடு நண்டு, றால், கணவாய், மீன்தலை எல்லாம் போட்ட கூழ். கூழ் என்றால் நான் மானம் மரியாதை பார்ப்பதில்லை. கிருபானந்தனுக்குக் கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு முன்னால் ஒரு கடதாசித் தட்டு வந்தது. அதில் பாணும் பருப்பும்.

"இதென்ன?"

"கீழ்வீட்டு யூத மனிசி றேச்சலைக் கேட்டனான். நண்டு, றால், கணவாய் எல்லாம் அவைக்கு விலக்காம். சட்டியையே தொடக்கூடாத கை நண்டைத் தொடலாமோ?"

"நண்டை ஆர் தொடுறது? கோப்பையில குடிப்பன்."

"கோப்பை ஆரின்ர வீட்டுக் கோப்பை?"

கிருபானந்தன் நண்டுக்காலை உறிஞ்சியபடி, "வேலையை யோசி, தியாகலிங்கம்," என்றார். ஆறுதல் சொல்பவர் வாயில் நண்டு இருந்தால் அது ஆறுதலாக இருப்பதில்லை.

அவர் மறுபடியும் கோப்பையை நீட்டியபோது நான் உடைந்துபோனேன்.

"கௌரி, ஒண்டு சொல்ல மறந்துபோனன். சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினாப் பிழையில்லை எண்டும் மெண்டல் சொன்னவர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. கழுவினாத் தொடலாமோ?"

"தொடலாம்."

"சட்டியையும்?"

கூழ்ப்பானையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. "சட்டியையும்."

"நல்லதாப் போச்சு. இவ்வளவு நாளும் நான் தனியக் கிடந்து மாரடிச்சன். கையோட அந்தச் சட்டியளையும் ஒருக்காக் கழுவிவிடுங்கோ."

கழுவினேன். மெண்டல் பார்த்திருந்தால் சம்பளம் கூட்டியிருப்பார். கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து கோப்பையை நீட்டினேன்.

"உடன குடிக்கேலாது," என்றாள் கௌரி. "ஆறு மணித்தியாலம் பொறுக்க வேணுமாம். றேச்சல் மனிசி சொன்னவ."

அந்த ஆறு மணித்தியாலம், யூதர்கள் இறைச்சி சாப்பிட்டபின் பால் குடிப்பதற்குக் காத்திருக்கும் நேரம். கழுவின கைக்கும் கூழுக்கும் அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால், நான் சொன்ன கைச் சட்டம் மட்டும் எங்கே இருக்கிறது என்று கேட்பாள். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்பது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

"பொறுக்கத்தானே வேணும்," என்றார் கிருபானந்தன், தன் கோப்பையை அவளிடம் நீட்டியபடி.

ஆறு மணித்தியாலம் பொறுத்தேன். பானை கிடைத்தது, கழுவ.