பனிக்கரடிக்குக் கட்டிய பட்டை

சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்கே அரங்க வாசலில் இரண்டு வரிசைகள் நின்றன. டிக்கெட் வரிசை சின்னது. நாளையார் வரிசை பெரியது. அது மூலை திரும்பி, சைக்கிள் கடையைத் தாண்டி, பல் டாக்டர் வீட்டு மதில் வரைக்கும் போயிற்று. பல்வலிக்காரர்கள் சிலர் அதைத் தங்கள் வரிசை என்று நினைத்து நின்று, கையில் பட்டையோடும் வாயில் வலியோடும் வீடு திரும்பினார்கள்.

நாளையார் என்றால் நாளை நடப்பதை இன்றே சொல்பவர். போன வருடம் வரை வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார். திடீரென்று ஞானம் வந்து வெள்ளை அங்கிக்கு மாறிவிட்டார். மல்யுத்தக் கம்பெனியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மேடையேறிக் கண்ணை மூடுவார். யார் ஜெயிப்பார், எப்படி ஜெயிப்பார் என்று சொல்லுவார். சொன்னபடியே நடக்கும். இந்த வருடம் நாற்பத்தோரு ஆட்டங்களில் நாற்பது பலித்துவிட்டது.

இத்தனைக்கும் அது காட்சி மல்யுத்தம். யார் யாரைத் தூக்கிப் போடுவது, யார் நாற்காலியால் அடி வாங்குவது, யார் யாருக்குத் துரோகம் செய்வது எல்லாமே செவ்வாய்க்கிழமையே எழுதித் தட்டச்சாகிவிடும். ரசிகர்களுக்கும் இது தெரியும். முன்வரிசையை ஒரு வாரம்கூட விடாத பஸ் டிரைவர் சொல்லுவார்:

"எழுதி வச்சு ஆடுறாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா, எழுதி வச்சது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது, அதைச் சொல்லுங்க."

நல்ல கேள்வி. இரண்டு நிமிடம் அதையே யோசித்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். அவர் யோசிக்கவில்லை. பட்டை வாங்கினார்.

பட்டை என்பது மணிக்கட்டில் கட்டும் கறுப்புத் துணி. நடுவில் ஒரு செம்புப் பொட்டு. ஆட்டத்தில் வில்லனாக வருபவனை ஜனங்கள் திட்டுகிறார்கள் அல்லவா? அந்த வசவெல்லாம் வில்லனின் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஆகவே வில்லனுக்கு ஒரு பட்டை. ஒட்டாத வசவு திட்டியவனிடமே திரும்பி வருமாம். ஆகவே ரசிகனுக்கும் ஒரு பட்டை. திட்டு வாங்குபவனுக்கும் கட்டு, திட்டுபவனுக்கும் கட்டு. வடிகட்டி விற்ற காலத்தில்கூட அவருக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில்லை.

இந்த நாற்பத்தோரு ஆட்டங்களையும் எழுதியவளைக் கம்பெனியில் கதைக்காரி என்று கூப்பிடுவார்கள். அலுவலகத்தின் பின் அறையில், பழைய ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் அவள் மேசை. தான் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்க எழுதியதையெல்லாம் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் கைதட்டல் வாங்குவதை வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குக் காரணம் அவள் அண்ணன்.

அண்ணன் கம்பெனியின் தலைமை வில்லன். மேடையில் பெயர் கரும்பாறை. வீட்டில் ஈ அடிக்கக்கூட மனசு வராதவர். மூன்று மாதத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் இடது தோளில் விழுந்தார். தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த வருடம் முடிவதற்குள் அறுத்துத் தைத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் தசை சுருங்கிவிடும், பிறகு தைக்க ஒன்றும் இருக்காது, அந்தக் கை மேலே எழும்பவே எழும்பாது என்றார்.

நாளையார் வேறு சொன்னார். பதினைந்து வருட வசவு தோளில் இறங்கியிருக்கிறது, பன்னிரண்டு வாரம் பட்டை கட்டினால் தானாக விலகிவிடும், கத்தி பட்டால் ரத்தத்தில் கலந்துவிடும் என்றார். அண்ணன் இடது கையை நீட்டிவிட்டார்.

அன்றிலிருந்து கதைக்காரிக்குத் தூக்கம் போயிற்று. கிழிந்த தோளோடு மேடையேறும் மனிதருக்கு என்ன கதை எழுதுவது? யோசித்து யோசித்து ஒன்றை எழுதினாள். கரும்பாறை திமிர் பிடித்து, 'உங்களையெல்லாம் அடிக்க எனக்கு ஒரு கை போதும்' என்று சபதம் போட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சண்டை போடுவார். தோளுக்கு அசைவே இல்லை. கதைக்கும்தான். வாரா வாரம் அதே கை, அதே கட்டு. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். வருடக் கடைசியில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு மிகச் சிறந்த கதையையும் படுமோசமான கதையையும் தேர்ந்தெடுப்பார்கள். படுமோசத்துக்கு இந்த ஒற்றைக் கை சபதம்தான் என்று எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி அவருக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஆறடி மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு வாரம்தாண்ணே இருக்கு. டாக்டர் தேதி கேக்கிறார்."

"ஐயாவும் ரெண்டு வாரம்தான் சொல்லியிருக்கார். வருஷக் கடைசி ஆட்டத்தில கை தலைக்கு மேல போகும்னார்."

"இப்ப எதுவரைக்கும் போகுது?"

அண்ணன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். அண்ணிதான் சொன்னாள். "சாப்பாட்டுத் தட்டு வரைக்கும்."

"அவர் சொன்னது எல்லாமே நடக்குதேம்மா" என்றார் அண்ணன். "யார் ஜெயிப்பான்னு வாரா வாரம் சொல்றாரே."

"நான் எழுதுறேன், அதனால நடக்குது."

"அவர் மனசுல நினைக்கிறதாலதான் உனக்கு அப்படி எழுத வருதோ என்னமோ."

கதைக்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். "சரி, ஒரே ஒரு பந்தயம். கடைசி ஆட்டத்தில அவர் சொன்னது நடந்தா, என் ரெண்டு கையிலயும் பட்டை கட்டிக்கிறேன். நடக்கலைன்னா மறுநாளே நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"நடக்கும்" என்றார் அண்ணன். "இருந்தாலும் சரி."

பலிக்காமல் போன அந்த ஒரே ஆட்டத்தைப் பற்றி அவள் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தாள். ஜூனில் நடந்தது. எதிராளி நாற்காலியால் அடித்து ஜெயிப்பான் என்று எழுதியிருந்தாள். நாளையாரும் கண்ணை மூடி, "நாற்காலி பறப்பதைக் காண்கிறேன்" என்றார். ஆனால் அன்று காலை ஒத்திகையில் அந்த நாற்காலி உடைந்துபோய், முடிவை மாற்றியிருந்தார்கள். மாற்றியது எல்லோருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. அன்று ஒத்திகைக்கு வராதவர் அறிவிப்பாளர். அவர் கையில் இருந்தது பழைய ஸ்கிரிப்ட்.

ஆக, நாளையாரின் கண்ணுக்குத் தெரிவது நாளை அல்ல, காகிதம். அதுவும் அறிவிப்பாளரின் காகிதம்.

போய்ச் சண்டை போடலாம். அறிவிப்பாளர் இல்லை என்பார், நாளையார் பொறாமை என்பார், ஜனங்கள் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அதனால் அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கதை எழுதினாள்.

வருடக் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு ஸ்கிரிப்ட். ஆடுபவர்களுக்கும் நடுவருக்கும் உண்மையானது. அறிவிப்பாளருக்கு மட்டும் இன்னொன்று. அதில் கடைசிச் சண்டையில் பனிக்கரடி என்ற புதிய வீரன் பச்சை முகமூடியோடு வந்து எல்லோரையும் ஜெயிக்கிறான். உயரம், எடை எல்லாம் போடவேண்டுமே? பக்கத்தில் இருந்த ஃபிரிட்ஜின் முதுகைப் பார்த்து அதன் உயரத்தையும் எடையையும் எழுதினாள். ஊர் என்ற இடத்தில் அது தயாரான ஊரை எழுதினாள். அடியில் ஒரு குறிப்பு: திடீர் வருகை, யாரிடமும் மூச்சு விடக்கூடாது. அந்தத் தொழிலில் திடீரென்று வரும் வீரனைச் சொந்தக் கம்பெனிக்காரர்களுக்கே கடைசி நிமிடம் வரை காட்ட மாட்டார்கள். அறிவிப்பாளருக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. முதலில் பரிசுகள். மிகச் சிறந்த கதை, இரண்டு நண்பர்கள் ஆறு மாதம் பேசாமலே சண்டை போட்டுக் கடைசியில் கை குலுக்கிய கதை. பஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படுமோசமான கதை, ஒற்றைக் கை சபதம். அரங்கமே ஊளையிட்டது. இரண்டையும் எழுதியவள் மேடையேறி ஓரமாக நின்றாள்.

அடுத்து நாளையார். விளக்கு மங்கியது. கண் மூடியது.

"ஒருவன் வருகிறான். பச்சை முகமூடி. பனிக்கரடி என்று பெயர். இன்று அவனே ஜெயிப்பான்."

கூட்டம் வாய் பிளந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் மிச்ச மானமாவது தப்பித்திருக்கும். விற்றுப் பழகிய வாய், நிற்கவில்லை.

"நேற்று என்னைத் தேடி வந்தான். தாயில்லாப் பிள்ளை. காலில் விழுந்தான். என் கையாலேயே பட்டை கட்டிவிட்டேன்."

கதைக்காரி அறிவிப்பாளரிடமிருந்து மைக்கை வாங்கினாள். "எந்தக் கையில கட்டினீங்க ஐயா?"

"வலது கையில்."

"சரி, வரச் சொல்லலாம்."

இசை முழங்கியது. மேடைத் தொழிலாளர்கள் நான்கு பேர் தள்ளுவண்டியில் ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்து நாளையார் முன்னால் நிறுத்தினார்கள். அதன் கதவில் பச்சை முகமூடி ஒட்டியிருந்தது.

"இவர்தான் பனிக்கரடி" என்றாள் கதைக்காரி. "எங்க ஆபீஸ்ல பன்னிரண்டு வருஷமா இருக்கார். நேத்து எங்கயும் போகலை, பிளக் சொருகித்தான் இருந்துது. அப்படி ஒரு வீரன் கிடையாது. நான் எழுதின பேர். ஒரே ஒரு ஸ்கிரிப்ட்ல மட்டும்தான் எழுதினேன்."

நாளையார் திருதிருவென்று விழித்தார். அறிவிப்பாளர் அவர் பக்கத்தில் சாய்ந்து மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நாளையார் அங்கியில் மாட்டியிருந்த மைக் வேலை செய்துகொண்டிருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

"தாளில இருக்கறதை மட்டும் சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் மச்சான்."

சிரிப்பு, மேல் வரிசையில் தொடங்கிக் கீழே உருண்டு வந்தது.

"காகிதத்தில் என்ன இருந்தால் என்ன?" என்றார் நாளையார், குரலை உயர்த்தி. "நான் ஞானக் கண்ணால்..."

"ஞானக் கண்ணையே கேப்போம். நாளைக்கு நடக்கறது வேண்டாம். இப்ப இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

நாளையார் கண்ணை மூடினார். நெடுநேரம் மூடியிருந்தார். "இருள் தெரிகிறது. குளிர் தெரிகிறது."

"குளிரத்தான் செய்யும், ஃபிரிட்ஜு" என்றது ஒரு குரல்.

கதைக்காரி கதவைத் திறந்தாள். உள்ளே தட்டுத் தட்டாக ஐஸ் ஒத்தடப் பைகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியிருந்தது: கரும்பாறை, யாரும் தொடாதீர்கள். அவள் மேடையோரத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"பட்டை வேலை செஞ்சா, ஒவ்வொரு ஆட்டத்துக்கப்புறமும் இங்க வந்து ஏண்ணே ஒளிஞ்சு ஒத்தடம் வைக்கறீங்க? வருஷத்துலயே மோசமான கதையை உங்களுக்காகத்தான் எழுதினேன். உங்க தோளு கிழிஞ்சிருக்கு. அந்தக் கையை வேற எப்படி நான் கட்டிப் போடறது?"

ஊளையிட்டவர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள். கரும்பாறை நடுமேடைக்கு வந்தார். நாளையாரைப் பார்த்தபடி இடது கையைத் தூக்கினார். நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டது. இன்னும் தூக்கப் பார்த்தார். முகம் கோணியது, கை ஏறவில்லை.

"பன்னிரண்டு வாரம் ஐயா. இவ்வளவுதான்."

நாளையார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார். மச்சான் அறிவிப்பாளரும் பின்னாலேயே ஓடினார். மைக் ஓசை மட்டும் சற்று நேரம் கேட்டது, இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் ஓசை. அந்த வசவு யார்மேல் ஒட்டியதோ தெரியவில்லை.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எதற்கு என்றுதான் விளங்கவில்லை. பஸ் டிரைவர் மேடையோரம் வந்து கேட்டார். "பிரமாதமான திருப்பம்மா. அடுத்த வாரம் ஐயா பழிவாங்க வருவாரா?"

"இது ஆட்டம் இல்லைங்க, நிஜம்."

"அப்ப நான் கத்தின வசவெல்லாம் எனக்கே திரும்பாதா?"

"பதினஞ்சு வருஷமா என்னைத் திட்டறீங்க" என்றார் கரும்பாறை. "உங்களுக்கு என்ன ஆச்சு?"

டிரைவர் யோசித்தார். பல வருடங்களில் முதல் தடவையாக இருக்கவேண்டும், நெற்றி சுருங்கியது. "தொண்டை கட்டுச்சு."

"நாங்க விக்கறது கதை. கதைன்னு டிக்கெட்டுலயே போட்டுத்தான் விக்கறோம்" என்றாள் கதைக்காரி. "அதைப் போடாம விக்கறவன்கிட்ட நாலு கேள்வி கேளுங்க."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அண்ணி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தைக்க இன்னும் தசை மிச்சம் இருக்கிறது, ஆனால் முன்போலத் தூக்கிப் போட முடியுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மூன்று மாதம் முன்பே தைக்க வந்திருந்தால் அதை இப்போதே சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். நர்ஸ் கத்தரிக்கோலால் மணிக்கட்டுப் பட்டையை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"இதை யார் சார் கட்டினது?"

"கட்டினது யாரோ ஒருத்தர்" என்றார் கரும்பாறை. "கையை நீட்டினது நான்தான்."

சிரிக்கலாம், தப்பில்லை. சிரித்து முடித்ததும் உங்கள் மணிக்கட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.