ரொம்ப நல்ல தண்ணி, சார்

"ஏங்க, பொரி மூட்டை நனையுது."

ராமசெல்வி சொல்லி முடிப்பதற்குள் சுடலைராஜ் அண்ணாச்சியின் வழுக்கையிலும் ஒரு சொட்டு விழுந்தது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, தகரக்கூரை வழியாக மளிகைக்கடைக்குள் கொட்டியது. நாளை ஆயுத பூஜை. திருவொற்றியூரில் அந்தத் தெருவே பொரிக்கு இவரைத்தான் நம்பியிருந்தது.

"எந்த மூதி மோட்டாரைப் போட்டது?" என்று பாய்ந்தவர், படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். "அவரா?"

"அவருதான். சுவிட்ச் அவரு வீட்டுக்குள்ளதானே இருக்கு."

அவர் என்றால் மாடியில் குடியிருக்கும் எபினேசர். கானா நாட்டுக்காரர், எண்ணூர் துறைமுகத்தில் இன்ஜினியர். வந்த அன்று அந்தக் கறுத்த முகத்தைக் கண்டதும் அண்ணாச்சியின் கை தானாகப் போய்க் கல்லாப்பெட்டியைச் சாத்திவிட்டது. அன்று முதல் அவருக்குத் தன் கை மேலேயே சந்தேகம்.

"நான் திட்டினா நிறத்தைப் பாத்துத் திட்டுறேன்னு நினைச்சிருவாரு."

"தண்ணியைப் பாத்துத் திட்டுங்க."

மேலே போனார். காலடி கேட்டதும் மோட்டார் நின்றது.

"இன்னா அண்ணாச்சி, சோக்கா கீறியா?" என்றார் எபினேசர். துறைமுகத்தில் படித்த தமிழ்.

"குட் மார்னிங் சார். தண்ணி... ரொம்ப நல்ல தண்ணி, சார்."

எபினேசரின் முகம் தொங்கிப்போயிற்று. அண்ணாச்சி கீழே இறங்குவதற்குள், நின்றிருந்த மோட்டார் மறுபடி உறுமியது.

"என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"மனசு நோகாம சொன்னேன்."

இந்தத் தடவை ஒரு தட்டு அதிரசத்தோடு ஏறினார். "சார், மோட்டாருக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தா அதுவும் சந்தோஷப்படும். உங்க சவுகரியம்தான்."

"தண்ணி கீய ஊத்துதா அண்ணாச்சி?" எபினேசர் ஆசையாகக் கேட்டார்.

"லேசா சார். ஜில்லுனு இருக்கு."

பெருமூச்சு விட்டபடி எபினேசர் உள்ளே போனார். தகரக்கூரையில் அருவி இறங்கியது. அண்ணாச்சி கல்லாவில் குடை பிடித்து உட்கார்ந்தார். பொரி கூழாகிக்கொண்டிருந்தது.

எதிர்ப் போர்ஷன் பூவம்மா படியில் நின்று சிரித்தாள்.

"ஏ மூதி, என் பிழைப்பு மிதக்குது, உனக்கு இளிப்பா?"

"பாத்தியா, என்னிய எவ்ளோ சோக்கா திட்ற. அவுருக்கு அதான் பேஜாரு அண்ணாச்சி. 'தெருவுல அல்லாரையும் திட்றாரு, என்னிய மட்டும் சாருன்றாரு, நான் இன்னா வேத்தாளா?'ன்னு கேட்டுகினு, வோணும்னே மோட்டாரப் போட்டுவுட்டுட்டுக் குந்திகினு கீறாரு."