வயதுத் தையற்காரர்

தையற்காரர்களில் பல வகை உண்டு. சட்டை தைப்பவர், ரவிக்கை தைப்பவர், தீபாவளிக்குக் கொடுத்த துணியைத் தீபாவளி முடிந்த மறுநாள் தைத்துத் தருபவர் என்று எல்லோரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் கத்தரிக்கோலும் ஊசியும் நூலும் இல்லாமல், பெற்ற பிள்ளையின் வயதை இடத்துக்குத் தகுந்தாற்போல் வெட்டியும் ஒட்டியும், மடித்தும் பிரித்தும் தைத்துப் போடுகிற ஒருவர் இருக்கிறார். அவர்தான் வயதுத் தையற்காரர். ஊருக்கு ஒருவர் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவுக்குப் பத்துப் பேர்.

தன் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொள்கிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது நரைக்குச் சாயம் பூசுவது மாதிரி. பூசியவரைத் தவிர வேறு யாரும் ஏமாறுவதில்லை. நம் ஆள் கைவைப்பது பிள்ளையின் வயதில். அவரைக் கண்டுபிடிப்பது எளிது. "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் வயதைச் சொல்வார்கள். இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார். அளவு தெரியாமல் எப்படித் தைப்பது?

மைசூர் சரஸ்வதிபுரத்தில் இருக்கும் சசிதர் இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர். பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஊரார் வயதில் ஒரே ஒரு நாள் பிசகியிருந்தாலும் போதும், சிவப்பு மையால் சுழித்துக் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, "வயசுங்கறது விளையாட்டு இல்ல சார்" என்று ஒரு உபதேசமும் செய்து அனுப்புகிற கறார்ப் பேர்வழி. அதே மனிதர் மாலையில் மகள் ஸ்பூர்த்தியோடு பேருந்தில் ஏறினால், கண்டக்டரின் தலை தெரிந்ததுமே, "மடியில உக்காரு. காலை மடக்கு. தூங்கற மாதிரி இரு" என்று கிசுகிசுப்பார். பள்ளியில் சேர்க்க ஆறு முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைக்கு அன்றைக்கே ஆறு முடிந்தது. தசராப் பொருட்காட்சியில் ராட்டினம் ஏற உயரம் போதாது என்றார்கள், "குதிகாலைத் தூக்கு, எட்டு ஆயிடுச்சுன்னு சொல்லு." உறவினர் வீட்டில், "ஏழுதான் ஆகுது, அதுக்குள்ள பதினாறாம் வாய்ப்பாடு சொல்றா!" இத்தனையும் ஒரே வருடத்தில். ஒருமுறை வகுப்பில் டீச்சர் வயதைக் கேட்டபோது, குழந்தை மிகுந்த பொறுப்போடு, "எங்க மிஸ்? பஸ்லயா, வீட்லயா?" என்று கேட்டதாம். அதற்கு மேல் என்ன சொல்ல?

அந்த ஸ்பூர்த்திக்கு இப்போது நிஜமாகவே பத்து வயது. பாட்மின்டன் என்றால் உயிர். டிசம்பரில் ஊரில் நடக்கும் பதினோரு வயதுக்குட்பட்டோர் போட்டியில் போன வருடம் பிரேக்ஷா என்ற பெண்ணிடம் தோற்றவள். இந்த வருடம் எப்படியாவது அவளை ஜெயித்துவிட வேண்டும். ஏனென்றால் அடுத்த வருடம் இந்தக் கதவு மூடிவிடும். எந்த அப்பா எப்படித் தைத்தாலும் திறக்காது.

இந்த நேரத்தில்தான் சசிதர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடையின்போது ஒரு காட்சியைக் கண்டார். மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பொடியனின் மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. அவன் அப்பா கையில் போன். பையனின் இதயத் துடிப்பை அவர் கிரிக்கெட் வர்ணனை மாதிரி உரக்கப் படித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சசிதருக்கு அன்று முழுவதும் இருப்புக்கொள்ளவில்லை. ஊரான் பிள்ளையின் இதயமெல்லாம் அளக்கப்படும்போது தன் பிள்ளையின் இதயம் அளவில்லாமல் அடித்துக்கொண்டிருப்பதா? சாயங்காலமே இளஞ்சிவப்பில் ஒரு பட்டை வீட்டுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை செட் தோசையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். பெயர் கேட்டது, கொடுத்தார். பிறந்த தேதி கேட்டது. பழக்கமில்லாத காரியமாக உண்மையைக் கொடுத்தார். பதிமூன்று வயது நிறையாதவர்களுக்குக் கணக்குத் திறக்க இயலாது, மன்னிக்கவும் என்று திரை கைகூப்பிவிட்டது.

"பாத்தியா விதுலா! காசு குடுத்து வாங்கினவன் நான். எனக்கே இது புத்தி சொல்லுது!"

விதுலா அவருடைய மனைவி. 'ரீ' என்று கன்னட வழக்கில் கணவனைக் கூப்பிடும் அந்த ஒற்றை எழுத்திலேயே விசாரணை, தீர்ப்பு இரண்டையும் முடித்துவிடக் கூடியவள்.

"ரீ, வித்தவனே வேணாங்கறான்ல? பிள்ளையோட எடை, தூக்கம், போற வர்ற இடமெல்லாம் எவன்கிட்டயோ எதுக்கு இருக்கணும்? அந்த வயசுல எடையைக் காட்டிக் காட்டிப் பேசினா மனசு ஒடிஞ்சுபோயிடும். அதுக்குத்தான் வேணாங்கறான். சின்னவங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்காமே, அப்பா அம்மா கணக்குக்குக் கீழ. அதைப் போடறதுதானே?"

"அதுல இதயத் துடிப்பே காட்டாது. ஓடினா நட்சத்திரம் குடுக்குமாம். நட்சத்திரத்த வெச்சுக்கிட்டு நான் என்ன ஜாதகமா எழுதப் போறேன்?"

ஊசி நூல் கைக்கு வந்துவிட்டது. எந்தத் தேதியைப் போட்டால் மறக்காது என்று யோசித்தார். தன்னுடைய பிறந்த தேதியையே போட்டார். ஒரே தட்டு. பத்து வயதுப் பெண்ணுக்கு நாற்பத்துமூன்று ஆகிவிட்டது.

விதுலா எட்டிப் பார்த்தாள். "அப்ப இனிமே இவ எனக்கு மகளா, நாத்தனாரா?"

பொய் சொல்வது ஒரு கலை என்றால், சொன்ன பொய் பொய்தான் என்று நினைவு வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய கலை. சசிதருக்கு அது கைவரவில்லை. ஒரே வாரத்தில் அவர் பட்டையை வேதவாக்காக நம்ப ஆரம்பித்துவிட்டார். பாவம், பட்டையின் மேல் தப்பில்லை. அது தன்னைக் கையில் கட்டியிருப்பவர் ஒரு நடுத்தர வயதுக்காரர் என்று நினைத்து, மிகுந்த அக்கறையோடு பேசியது. நன்றாகத் தூங்கி எழுந்தால், உங்கள் வயதுக்கு இவ்வளவு தூக்கம் வேண்டாம் என்றது; மறுநாள் முதல் அவர் குழந்தையை இருட்டோடு எழுப்பினார். இரண்டாவது மைசூர் பாகுக்குக் கை நீண்டால் சசிதர் குறுக்கே வந்து, "உன் வயசுக்கு இனிப்பு ஜாஸ்தி ஆகாது" என்றார்.

"என் வயசுக்கா அப்பா, உன் வயசுக்கா?"

"ரெண்டுக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டை அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

கொடுமை நடந்தது ஆடுகளத்தில். குழந்தையின் இதயம் ஓடினால் குதிரையாகத்தான் ஓடும். நாற்பத்துமூன்று வயதுக்காரருக்கு அப்படி ஓடினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான். ஆக, ஸ்பூர்த்தி நாலு பந்து விடாமல் அடித்தால் போதும், பட்டை துடிதுடிக்கும், போன் சிவக்கும், பார்வையாளர் மாடியிலிருந்து சசிதர் கத்துவார்: "உக்காரு! உக்காரு! சிவப்பு வந்துடுச்சு!"

"அப்பா, பத்தொம்பதுக்குப் பதினெட்டு! இப்ப எப்படி உக்கார?"

"புள்ளி போனா வரும். இதயம் போனா வருமா?"

உட்காருவாள். எதிரில் ஆடும் பெண் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஜடையை அவிழ்த்துப் பின்னி முடித்திருப்பாள். ஒரு மாதத்தில் ஸ்பூர்த்தி பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்த்து ஆடப் பழகிவிட்டாள். பத்து வயதுப் பெண் களத்தில் நின்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதை விதுலா ஒருநாள் கண்டாள். அன்று இரவு முதல் 'ரீ' கூடச் சொல்லவில்லை. அதுதான் பெரிய ஆபத்து என்று சசிதருக்கு உறைக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. ஸ்பூர்த்தி தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். எதிரில் அதே பிரேக்ஷா. ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. களத்தோரம் சசிதரின் பக்கத்து நாற்காலியில் பிரேக்ஷாவின் அப்பா யோகானந்த், ஊதுபத்தி வியாபாரி, கம்மென்று சந்தன வாசனையோடு உட்கார்ந்திருந்தார். பெருமையடிக்க ஆள் கிடைத்தால் சசிதர் விடுவாரா? போனை நீட்டினார்.

"பாருங்க சார், எங்க பொண்ணோட இதயம். கோடு எப்படிப் போகுது பாருங்க!"

யோகானந்த் கோட்டைப் பார்க்கவில்லை. திரையின் மேல்மூலையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்து நின்று அரங்கமே திரும்பும்படி கூப்பிட்டார்: "மேடம்! இந்தப் பொண்ணுக்கு நாப்பத்துமூணு வயசு!"

போட்டியை நடத்துகிற புஷ்பலதா மேடம் கழுத்தில் விசில் ஆட வந்து போனை வாங்கிப் பார்த்தார். களத்தில் நிற்கும் ஸ்பூர்த்தியைப் பார்த்தார். அவளுக்கு முன்பல் ஒன்று இன்னும் பாதிதான் முளைத்திருந்தது.

"என்ன சார் இது? பிறப்புச் சான்றிதழ்ல பத்துன்னு இருக்கு?"

"மேடம், அது வந்து..."

"நாப்பத்துமூணு இல்லன்னாலும் பதிமூணாவது இருக்கணும்" என்றார் யோகானந்த். "பதிமூணு நிறையாதவங்களுக்கு இந்தக் கணக்கே குடுக்க மாட்டாங்க மேடம். குடுத்திருக்காங்கன்னா என்ன அர்த்தம்? சான்றிதழ் பொய்யா, இது பொய்யா? அவர் வாயாலயே சொல்லட்டும். என்ன சார், எங்க அம்மாவோட பாலிசிய ஒரே ஒரு நாள் வித்தியாசத்துக்காகத் திருப்பி அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? வயசுங்கறது விளையாட்டு இல்லைன்னு சொன்னீங்களே?"

சசிதருக்கு முகம் வெளுத்தது. களத்தில் ஸ்பூர்த்தி ராக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உதடு துடித்தது. வருடம் முழுக்கக் காத்திருந்த ஆட்டம், கடைசி வாய்ப்பு, அப்பாவின் ஒரு தட்டில் போய்விடப் பார்க்கிறது. அதைப் பார்த்ததும் அந்தக் கறார்ப் பேர்வழி எழுந்து நின்றார்.

"நான்தான் பொய் சொன்னேன் மேடம்" என்றார். "அது என்னோட பிறந்தநாள். அவளுக்குப் பத்துதான். எல்லா இடத்துலயும் நான்தான் மாத்தி மாத்திச் சொல்லுவேன்."

அரங்கம் 'ஓ' என்றது. மேல்வரிசையில் விதுலா, பல வாரங்களுக்குப் பிறகு, மெதுவாக "ரீ..." என்றாள்.

அப்போது ஸ்பூர்த்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அங்கிள், பிரேக்ஷா கையிலயும் பட்டை இருக்கே?"

"அது... அது அவங்க அம்மாவோடதும்மா. சும்மா போட்டிருக்கா."

"இல்ல மேடம், என்னோடதுதான்" என்றாள் பிரேக்ஷா, குழந்தைகளுக்கே உரிய துரோகத்தோடு. "அதுல எனக்கு இருபத்தெட்டு. கல்யாணம்கூட ஆயிடுச்சு."

புஷ்பலதா மேடம் மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரே சலசலப்பு. அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளின் கைகளைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதினார்.

"பட்டை கட்டினவங்க எல்லாம் பதிமூணுக்கு மேல. அவங்களுக்கு இங்க வேலை இல்ல. கழட்டினவங்க எல்லாம் குழந்தைங்க. விளையாடலாம். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

காலியான இறகுப்பந்துக் குழாய் ஒன்று கைமாறிக் கைமாறிப் போயிற்று. கறுப்பு, நீலம், பச்சை என்று வயதான பட்டைகளெல்லாம் அதற்குள் விழுந்தன. இளஞ்சிவப்புப் பட்டையை சசிதரே களத்தில் இறங்கி மகளின் கையிலிருந்து கழற்றினார். அந்த இடத்தில் தோல் வெளுத்துத் தடம் விழுந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, "போ, ஆடு" என்றார்.

ஆடினாள். அப்பப்பா, என்ன ஆட்டம்! வலைக்கும் பின்கோட்டுக்கும் பறந்தாள், விழுந்தாள், எழுந்தாள், காது மடல் வரை சிவந்தாள். உட்காரு என்று சொல்ல ஒருவரும் இல்லை. பார்ப்பதற்குப் போனில் ஒன்றும் இல்லாததால் சசிதர் வேறு வழியின்றி மகளின் முகத்தைப் பார்த்தார். இவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே மறந்து போயிருந்தது. கடைசிப் புள்ளிக்கு நெஞ்சு திம் திம் என்று அடித்துக்கொண்டது, அவருக்குத்தான். பந்து பிரேக்ஷாவின் காலடியில் விழுந்தது. ஸ்பூர்த்தி ஜெயித்தாள். யோகானந்துக்கும் வேறு வழியில்லை, கை தட்டினார்.

திரும்பும் பேருந்தில் கோப்பை ஸ்பூர்த்தியின் மடியில், மைசூர் பாகு வாயில். கண்டக்டர் வந்தார்.

"பாப்பாவுக்கு என்ன வயசு சார்?"

சசிதர் பழக்கதோஷத்தில் கண்ணைச் சுருக்கினார். "எதுக்குக் கே..." என்று தொடங்கியவர் மகளின் பார்வையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பத்து" என்றாள் ஸ்பூர்த்தி. "பஸ்லயும் பத்து, வீட்லயும் பத்து."

மனிதர் திருந்திவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். பட்டை வீணாகப் போகக் கூடாதே என்று இப்போது அவரே கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிறார். அதில் அவருக்கு வயது முப்பத்தொன்று. ஆனால் அது சாயம் பூசுகிற கணக்கு, நாம் அதில் தலையிட வேண்டாம்.

நாம் நம்முடைய கணக்குக்கு வருவோம். இவ்வளவு நேரம் சசிதரைப் பார்த்துச் சிரித்தீர்களே, சந்தோஷம். உங்களை ஒன்று கேட்கலாமா? உங்கள் பிள்ளைக்கு என்ன வயது?

பார்த்தீர்களா, கண்ணைச் சுருக்குகிறீர்கள்.