கிரிப்பு அண்ணனும் பெட்டிக்குள் இருந்த சப்பாத்தும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மலையேறுகிற கால்களில் பாதி, கிரிப்பு அண்ணன் மோந்து பார்த்த சப்பாத்துக்குள்தான் இருக்கின்றன. மீதிப் பாதி அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனவை. ஆனால் அறுபது வயதுவரை அவர் எந்த மலையும் ஏறியதில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார்கள் விடிகாலையில் ஏறி இறங்கி, ஒன்பது மணிக்கெல்லாம் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்துவிடுகிற கிளேடாங் குன்றைக்கூட அவர் அடிவாரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது தற்செயல். பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பாரிட் புந்தாரில் நெல் ஆலையில் மூட்டை தூக்கினேன், கோலா கங்சாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவினேன். அந்தக் கடையும் மூடியபோது கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பஸ் ஈப்போவில் நின்றது, இறங்கிவிட்டேன். பழைய நகரத்தில் ஒரு சப்பாத்துக் கடை வாசலில் ‘ஆள் தேவை’ என்று எழுதியிருந்தது. மாடியில் படுக்க இடமும் உண்டு என்றார்கள். அதுவரை எனக்குச் சொந்தமாக இருந்தவை இரண்டு ஜோடி சிலிப்பர்தான்.

கடை முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால், தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். கெட்ட வார்த்தைகளை எங்களைவிடச் சுத்தமாக உச்சரிப்பார்.

“அந்தா நிக்கிறான் பாரு, அவன்தான் கிரிப்பு. சப்பாத்து பத்தி அவன் சொல்றதக் கேளு. ஆனா அவன் மாதிரி யாவாரம் மட்டும் பண்ணிடாத,” என்றார்.

நான் பார்த்தேன். ஒல்லியான ஒரு மனிதர் புதுச் சப்பாத்து ஒன்றை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் மூக்கை வைத்து நீளமாக மூச்சை இழுத்தார். எதிரில் வாங்க வந்தவர் பெஞ்சு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

“இதுல ரப்பர் கம்மி, பொய் ஜாஸ்தி,” என்று சொல்லி, அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்த ஆளுக்கு வேறு ஒன்றையும் அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. கடையிலேயே விலை கூடின சப்பாத்து அது.

“டேய், அது சப்பாத்துடா, கருவாடு இல்ல!” என்று கல்லாவிலிருந்து தவுக்கே கத்தினார்.

கிரிப்பு அண்ணனுக்கு அது பழைய தொழில். சிறு வயதில் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டகையில் பத்து வருஷம் வேலை செய்தவர். ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, குமிழி இருக்கிறதா என்று பார்த்து, மோந்து, முதல் தரத்திலிருந்து ஐந்தாம் தரம்வரை பிரித்துப் போட வேண்டும். தோட்டத்தை விற்றார்கள், கொட்டகையை இடித்தார்கள், மூக்கு மட்டும் அவரோடு ஈப்போவுக்கு வந்துவிட்டது.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்து ஊரே மலையேறக் கிளம்பியிருந்த நேரம் அது. அடைந்து கிடந்தவர்களெல்லாம் சனிக்கிழமையானால் கடைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குக் கிரிப்பு அண்ணன் வைத்திருந்த சட்டதிட்டங்களைக் குடியுரிமை கேட்பவர்களுக்குக்கூட வைத்திருக்க மாட்டார்கள். காலையில் வந்தால் காலளக்க மாட்டார். நாள் முழுக்க நடந்து கால் வீங்கின பிறகு, சாயந்தரம் வரவேண்டும். காட்டுக்குப் போடப்போகிற அதே காலுறையைக் கொண்டுவர வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும். நகம் வெட்டாமல் வந்தவர்களுக்காகக் கல்லா பக்கத்தில் ஒரு நகவெட்டியைச் சரடு போட்டுக் கட்டி வைத்திருந்தார். தண்ணீர் புகாத சப்பாத்து கேட்டால் கோபம் வந்துவிடும்.

“நம்ம காட்டுல ஆறு முட்டி வரைக்கும் வரும் லா. தண்ணி மேல வழியா உள்ள போயிரும். போன தண்ணி எப்படி வெளிய வரும்? ரெண்டு காலுலயும் மீன் வளக்கப் போறீங்களா? ஓட்ட உள்ளதா வாங்குங்க.”

எல்லாவற்றுக்கும் மேலே, பழைய சப்பாத்தைக் கொண்டுவந்து காட்டவேண்டும். அடிப்பக்கத் தேய்மானத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் புந்தோங்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் ஆறு மாதமாகத் தினமும் காலையில் ஓடிப் பயிற்சி எடுப்பதாகச் சொன்னார். அவர் கழற்றிப் போட்டதைக் கிரிப்பு அண்ணன் திருப்பிப் பார்த்தார்.

“எந்தச் சப்பாத்துல ஓடுனீங்க?”

“இதுலதான் லா.”

“அண்ணே, இது ஓடுன சப்பாத்து இல்ல. மேசைக்கு அடியில இருந்த சப்பாத்து. பாருங்க அக்கா, குதியில ஒரு கோடுகூட அழியல. முன்னாடி மட்டும் தேஞ்சிருக்கு. உக்காந்துகிட்டு கால ஆட்டுனா இப்படித்தான் தேயும். ஓரத்துல பருப்புக் கறி வேற.”

அந்த அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். “தெனமும் ஆறு மணிக்கு எந்திரிச்சி தேத்தண்ணி கலக்கிக் குடுத்து அனுப்புனேன்யா!”

“நேத்து மட்டும்தான் சாப்ட்டேன்...”

“கறி மூணு அடுக்கா காஞ்சிருக்கு லா,” என்றார் கிரிப்பு அண்ணன்.

அன்று வியாபாரம் ஆகவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தக் கணவர் மட்டும் வந்தார். எட்டுக் கிலோ இளைத்ததுபோல இருந்தார். கிரிப்பு அண்ணன் குதித் தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து நின்று அவருக்குக் கைகொடுத்தார். “இப்ப வாங்கலாம்.”

தேர்வின் கடைசிக் கட்டம் கடைக்குப் பின்னால் நடக்கும். அங்கே சாக்கடை ஓரத்தில் சாய்ந்து கிடந்த ஒரு சிமெண்டுப் பலகையில் பக்கத்து பாய் கடையின் கழுவு தண்ணீர் ஓடிப் பாசி பிடித்திருந்தது. புதுச் சப்பாத்தோடு அதில் ஏறி இறங்க வேண்டும். வழுக்காமல் நின்றால்தான் “கிரிப்பு இருக்கு” என்பார், அவருக்கு அந்தப் பேர் வந்ததே அதனால்தான். ஒரு பேங்க் ஆபீசர் வெள்ளைக் காற்சட்டையோடு ஏறினார். எந்த நிறத்தில் இறங்கினார் என்று சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

“நீ என்னய்யா மனுசன்!” என்று அவர் கத்தினார்.

“இங்க விழுந்தா பாய் கடை எச்சத் தண்ணி சார். கழுவிக்கிலாம். அங்க விழுந்தா தூக்கிட்டு வர ஆறு பேர் வேணும்,” என்றார் கிரிப்பு அண்ணன். பிறகு ஆழமான பல் வைத்த வேறொரு சப்பாத்தை எடுத்து வந்தார். ஆபீசர் மறுபடி ஏறினார். நின்றார். வாங்கிக்கொண்டு போனார்.

அவரை வாய் மூட வைக்க ஒரே வழிதான் இருந்தது. இரும்புக் கடைகளில் மலிவாகத் தொங்குமே, ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதன் பேச்சை எடுக்க வேண்டும். மரம் வெட்டுகிறவர்கள் முதல் மலை வழிகாட்டிகள் வரை அதைத்தான் போடுகிறார்கள். “அண்ணே, அதுவே போதும்னு சொல்றாங்களே?” என்று யாராவது கேட்டால், உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பார்.

ஏன் என்று ஒரு மழை நாளில், நாங்கள் இருவரும் படுக்கும் மாடியில் கேட்டேன்.

“எங்கப்பா ஆயுசு பூரா பால் வெட்ட அதுலதான் நடந்தாரு. எங்க போய்ச் சேந்தாரு? அதே நெரையில, அதே மரத்துக்கு,” என்றார். “பன்னண்டு வயசுல எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. விரல் இடுக்கெல்லாம் புண்ணு. இனிமே அதுல கால் வைக்க மாட்டேன்னு அப்பவே சொல்லிட்டேன்.”

தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய் நின்றால், கிழக்கே கோர்பு மலை தெரியுமாம். கங்காணி பேரைக் கூப்பிடும்வரை வேறு எதைப் பார்ப்பது? அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு நாள் ஏறவேண்டும் என்று அப்போதே நினைத்திருக்கிறார். ஆனால் அதற்கேற்ற சப்பாத்து வேண்டுமே.

அந்தச் சப்பாத்து நான் வருவதற்கு முன்பே அவருக்குக் கிடைத்திருந்தது. மூன்று முறை மோந்து பார்த்து, கண்ணை மூடி, “முதல் தரம்” என்றாராம். தவுக்கே அதை இன்றும் சொல்வார். மலைக்கு நாள் குறித்த பிறகு கோவிட் வந்துவிட்டது. அதன்பின் முட்டி வலி வந்தது. சப்பாத்து பெட்டிக்குள், பிளாஸ்டிக் சுற்றி, மாடி அலமாரியின் உச்சியில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைத் துடைப்பார். அவர் கட்டில் விளிம்பைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

“போட்டுப் பாருங்களேன் அண்ணே.”

“மலைக்கு வாங்குனத பாசாருக்கு மீன் வாங்கப் போடுறதா?”

இத்தனைக்கும், சப்பாத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை செத்துப்போகும், நடக்க நடக்கத்தான் அது உயிரோடு இருக்கும் என்று வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லி அனுப்புகிறவர் அவர்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்க எனக்கு வராது. கடையை விட்டுப் போய், மலையேறுகிறவர்களுக்குச் சுமை தூக்கும் வேலையில் சேர்ந்தேன். போன வருஷம் போன் வந்தது.

“தம்பி, தவுக்கே கடைய மூடுறாரு. எனக்கு முட்டிய ஆப்பரேசன் பண்ணணுமாம், அடுத்த மாசம். அதுக்கப்புறம் மலையெல்லாம் மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப விட்டா இல்ல. நான் வாரேன்.”

கோர்பு மலைக்கு ஆறு பேர் கொண்ட கூட்டம். வழிகாட்டி அலாங், ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். கிரிப்பு அண்ணன் பெட்டியைக் கையில் கொண்டுவந்து, காட்டு விளிம்பில் உட்கார்ந்து, பிளாஸ்டிக்கைப் பிரித்து, சப்பாத்தைப் போட்டுக் கயிறு கட்டினார். ஆரஞ்சு நிறம். அலாங்கின் காலைப் பார்த்தார், கறுப்பு ரப்பர். என் காலைப் பார்த்தார், அதுவும் கறுப்பு ரப்பர். துரோகியைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

இரண்டாவது ஆற்றைக் கடந்ததும் இடது சப்பாத்து வாயைத் திறந்தது. பத்து அடி போனதும் வலதும் திறந்தது. உள்ளே இருந்த மெத்தை, புட்டு உதிர்வதுபோல உதிர்ந்து பாதை முழுக்கக் கிடந்தது. அலாங் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் வைத்திருந்தீர்களா என்று மலாயில் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கிரிப்பு அண்ணன் ஒரு வேரின் மேல் உட்கார்ந்தார்.

“நல்ல நாளுக்குன்னு வச்சேன் தம்பி.”

எனக்கும் அவருக்கும் ஒரே கால் அளவு. என்னுடையதைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

“வேணாம். நீங்க போங்க. நான் எறங்குறேன்.”

“எறங்குறதுக்கும் சப்பாத்து வேணும்லா அண்ணே. எப்படியும் போடத்தான் போறீங்க. கீழ போறதுக்குப் போடுறத மேல போறதுக்குப் போடுங்க.”

மற்றவர்கள் தண்ணீர் குடிப்பதுபோலப் பாவனை செய்தார்கள். நான் அவர் கையில் ஒன்றைக் கொடுத்தேன். “மோந்தாவது பாருங்க.”

பழக்கம் விடுமா? கவிழ்த்தார். மூக்கை வைத்தார். நிறைய நேரம் வைத்திருந்தார்.

“மூணாம் தரம்,” என்றார். பிறகு, “எங்கப்பாவோடது அஞ்சு,” என்று சொல்லிவிட்டுக் காலை உள்ளே விட்டார்.

செத்துப்போன ஆரஞ்சு சப்பாத்தைப் பிளாஸ்டிக் கயிற்றால் இறுகச் சுற்றி நான் போட்டுக்கொண்டேன். அதில் முகாம்வரைதான் போக முடிந்தது. மறுநாள் விடிந்ததும் அவர்கள் உச்சிக்குக் கிளம்பினார்கள். நான் முகாமிலேயே இருந்து சோறாக்கினேன். பலமுறை போன உச்சிதான், எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

மூன்று மணிக்குத் திரும்பினார்கள். கிரிப்பு அண்ணன் கடைசி ஆள். இரண்டு கையிலும் தடி, முட்டியில் துணிக்கட்டு, தலை முதல் கால்வரை சேறு.

“மேலேர்ந்து தோட்டம் இருந்த பக்கம் தெரிஞ்சுதா அண்ணே?”

“பனி லா. ஒரு எழவும் தெரியல.”

“பின்ன என்னதான் பாத்தீங்க?”

“காலத்தான் பாத்தேன். போறப்பவும் வாரப்பவும்.” சோற்றுத் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி ஆற்றில் கழுவினார். இரண்டு குச்சி நட்டு, அதன் மேல் கவிழ்த்துக் காய வைத்தார். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சோற்றில், யாரிடமும் இல்லாமல், “கிரிப்பு இருக்கு,” என்றார்.

மறுநாள் அதை அவர் திருப்பித் தரவில்லை, போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். கயிறு சுற்றிய சப்பாத்தில் இறங்கியதில் எனக்கு இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன. இப்போது முளைத்துவிட்டன.

ஆப்பரேசன் முடிந்து, அவர் புந்தோங்கில் ஓர் அறையில் தனியாக இருக்கிறார். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. நடக்கிறீர்களா என்று கேட்டால், “தெனமும் லா, ஒரு மணி நேரம்,” என்பார். வாய் சொல்வதை நம்பக்கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அதனால் ஈப்போ பக்கம் வரும்போதெல்லாம், அவர் உள்ளே எனக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, வாசலில் இருக்கும் அந்தக் கறுப்புச் சப்பாத்தைத் திருப்பிக் குதியைத் தடவிப் பார்க்கிறேன். போன தடவைக்கு இந்தத் தடவை தேய்ந்திருந்தால், இருந்தபடியே வைத்துவிட்டு, வேறு ஊருக்குப் பஸ் ஏறுகிறேன்.