வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டாம்

பாகலூர்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் வெங்கடம்மாள் அவர்களுக்கு, தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்த திருமலை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யாகப் போய்விடும் என்பதால், மாடுகள் இரண்டும் நலம், ரோஜாத் தோட்டம் சுமாராக நலம் என்று மட்டும் எழுதுகிறேன். தங்கள் நலத்தையும் மாமா ராஜப்பன் அவர்களின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல்.

நான் தங்கள் கூடப்பிறந்த தம்பிதான். ஆனால் இதைத் தம்பியாக எழுதவில்லை. ரேவதியைத் தங்கள் மகன் பிரேம்குமாருக்குக் கட்டிக்கொடுத்த சம்பந்தியாக எழுதுகிறேன். அதனால்தான் இந்தத் 'தாங்கள்'. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் இங்கே இருமினால் அங்கே மத்தூரில் நாலு பேர் கஷாயம் சொல்கிறார்கள். ஆகவே இங்கே வந்திருக்கிற மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நாளை போச்சம்பள்ளிக்கு வேலைக்குப் போகிற வழியில் தருவார். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன், பிரித்துப் படிக்க மாட்டார். தங்கமான பிள்ளை. அது தங்கள் வளர்ப்பு என்று எழுத இப்போது எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். துடிப்பில்லாத கரு தானாக வெளியே வரவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை ஓசூரில் ரேவதிக்கு வயிற்றைச் சுத்தம் செய்கிறார்கள். ஆண்களை அந்த வார்டுக்குள் விட மாட்டார்களாம், கூட ஒரு பெண் துணை கட்டாயம் வேண்டுமாம். அதற்காகத் தாங்கள் பஸ் ஏறி வர வேண்டாம். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் ஊசியைக் கண்டால் மயங்கி விழுவார் என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் கிடையாது.

ஏன் வர வேண்டாம் என்று தாங்கள் கேட்பீர்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆதியிலிருந்து சொல்கிறேன். கல்யாணமாகி நாலு வருஷமாக ஒன்றும் இல்லை, ஓசூர் டாக்டரம்மா கைராசிக்காரர், அங்கே கொண்டுபோய்க் காட்டு என்று ரேவதியை என்னிடம் அனுப்பியது தாங்கள்தான். முதல் ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். பிள்ளை மட்டும் தனியாகக் குடித்துத் தவிக்கிறதே என்று நானும் ஒரு பாட்டிலைத் திறந்து அவள் கூடவே மடக் மடக்கென்று குடித்தேன். பாகலூரிலிருந்து ஓசூர் வரைக்கும் அந்த பஸ் டிரைவர் ஒரு வேகத்தடையையும் விடாமல் ஏறி இறங்கினார். ரேவதி கம்மென்று உட்கார்ந்திருந்தாள், நான்தான் முருகா முருகா என்று முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேன் சென்டரில் இறங்கியதும் டோக்கன்கூட வாங்காமல் ஓடினேன். "யாருக்குங்க ஸ்கேன், உங்களுக்கா பொண்ணுக்கா?" என்று நர்சு கேட்டார். அடுத்த தடவை நான் விவரமாகிவிட்டேன் என்று நினைத்து இரண்டு பெரிய பாட்டிலாகக் கொண்டுபோய், அவள் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் குடிக்க வைத்தேன். உள்ளே போனால், இது முட்டை வளர்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன், இதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், போய்விட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அப்பா, இனிமே நீ பஸ் டிக்கெட் மட்டும் எடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த ஹாலில் இருப்பதெல்லாம் அம்மாக்களும் மாமியார்களும்தான். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், வீட்டம்மா வரவில்லையா என்று. ஜோதிமணி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது என்று மூன்று பாஷையிலும் சொன்னேன். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று சுவரில் பெரிய போர்டு மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழேதான் எனக்கு எப்போதும் இடம் கிடைக்கும். அம்மா, எனக்கு அதெல்லாம் சொல்லவே வேண்டாம், இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்று அந்தப் போர்டிடம் மனசுக்குள் பேசிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் சொன்னார்கள். இருக்கிறது என்றே சொன்னார்கள். ரேவதி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மங்கலாக, ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டு. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை, அவள் விரலை வைத்துக் காட்டினாள். துடிப்பு இனிமேல்தான் வரும், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை, தங்களிடம் மட்டும்தான் சொன்னேன். ஸ்பீக்கர் மகிமையால் மறுநாள் மத்தூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் புளிச்சோறு, எள்ளுச்சோறு, டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல் என்று வந்து இறங்கினார்கள். நான் தடுக்கவில்லை. ரேவதி சிரித்துக்கொண்டே கையை நீட்டியபோது யார்தான் தடுப்பார்கள்?

தடுக்க வேண்டியது என்னைத்தான். எனக்கு லேமினேஷன் வியாதி உண்டென்று தங்களுக்குத் தெரியும். பட்டா, ரேஷன் கார்டு, மாட்டுக்கு ஊசி போட்ட சீட்டு எல்லாம் என் வீட்டில் பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். இவ்வளவு பெரிய பொக்கிஷம் வியர்வைக் கை பட்டு வீணாகப் போகலாமா என்று அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மெஷினுக்குள் போகும்போது படமாகப் போனது, வெளியே வரும்போது கன்னங்கரேலென்று வந்தது. பொட்டும் இல்லை, ஓரமும் இல்லை. "திருப்பிப் போட்டுப் பாரும்மா" என்று கடைப் பெண்ணிடம் கெஞ்சினேன். அது சூடு பட்டால் கருக்கிற காகிதமாம். கடைக்காரப் பெண்ணுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று ரேவதியிடம் சொல்லி வைத்தேன்.

அடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை. இன்னும் பத்து நாள் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தோம். அன்றைக்கும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் சுடிதாரைச் சரிசெய்துகொண்டு "போலாம்பா" என்றாள், அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது, "அந்தப் படம் இருக்குதில்லப்பா, அது போதும்" என்றாள். வேலூர் வரைக்கும் போகிற பஸ்ஸாக இருக்கக் கூடாதா, வீடே வரக் கூடாதே என்று இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அந்தக் கறுப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதயுமாப்பா லேமினேஷன் பண்ணுவ?" என்று சிரித்தாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் என் அக்காவிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று போன் செய்தால், நீ என்ன சொன்னாய்? "படத்துக்குச் சூடு காட்டிட்டியேடா பாவி, அதான் வயித்துல இருந்தது கருகிப்போச்சு" என்றாய். ஸ்பீக்கரில் சொன்னாய். பின்னால் யாரோ "ஆமாமா" என்றார்கள். போனை வைத்துவிட்டேன். நான் நம்பவில்லைதான். ஆனாலும் மனசு கேட்காமல் டாக்டரம்மாவிடமே போய் ஒளித்து மறைத்துக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பெரியவரே, பஸ் டிக்கெட் மாதிரி அது ஒரு காகிதம், அவ்வளவுதான். உங்க பொண்ணு மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல" என்றார். கேட்டுக்கொண்டாயா? தப்பில்லையாம்.

அதனால் வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம். ரேவதி யாரையும் பார்க்க விரும்பவில்லை. வழியெல்லாம் கூட்டம். எங்கள் நாய்க்கும் உன்னைப் பிடிக்காது. மாப்பிள்ளை லீவு சொல்லிவிட்டார், அவர் வெளியே நிற்பார், நானும் நிற்பேன், உள்ளே சாந்தம்மா மயங்கிக் கிடப்பார், நாங்கள் சமாளித்துக்கொள்வோம். புளிச்சோறு கொண்டுவந்த அடுக்கைக் கழுவி வைத்திருக்கிறேன், ஆள் வரும்போது அனுப்புகிறேன்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிகள். கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டதாகச் சொல்லவும். எல்லாம் வல்ல மாரியம்மன் தங்கள் குடும்பத்தையும், கோபம் தணிந்த பிறகு என்னையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
திருமலை

பி.கு.: ஒட்டின உறையைக் கிழித்துத் திரும்ப எழுதுகிறேன். அத்தையை வர வேண்டாமென்று எழுதிவிட்டேன் என்று ரேவதியிடம் சொன்னேன். சரிப்பா என்றாள். பாத்திரத்தை எல்லாம் கவிழ்த்துவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். "அன்னிக்கே அழுகை வந்துச்சுப்பா. நீ வெளியில பையைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்த. நான் அழுதா நீ தாங்க மாட்டன்னு அடக்கிக்கிட்டேன். அவரும் அப்படித்தான், மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. அத்தை வந்தா அழுதுக்கலாம்னு இருந்தேன்" என்றாள். மேலே எழுதியதில் ஒரு வரியையும் படிக்காதே. வந்துடு அக்கா. என் பொண்ணு அழணும்.