நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சாப்பிட்ட கீரி

ஒரு காட்டில் மூன்று வருடம் மழை பொய்த்தது. நான்காவது வருடம் கணினி வந்தது. பட்டினி கிடந்த குடும்பங்களுக்கெல்லாம் வாரம் ஆறு முட்டை கொடுத்துவந்த சிங்கராஜாவுக்கு, யாருக்கு நிஜமாகவே பசி என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

கணக்கில் புலி என்று பெயரெடுத்த நரியார், அதற்காக வீடு வீடாக அலைய வேண்டாம் என்றார். கணினிக்குள் ஒரு மாதிரிக் காட்டை உண்டாக்கலாம். நூறு வீட்டில் விசாரித்தால் போதும். ஒவ்வொரு வீடும் தன்னைப் போன்ற நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்காகப் பேசும். எந்தத் திட்டத்தையும் முதலில் அங்கே ஓட்டிப் பார்த்தால், யார் வயிறு நிறையும், யார் வயிறு காயும் என்று தெரிந்துவிடும். சிங்கத்துக்கு அந்தக் காடு மிகவும் பிடித்துப்போயிற்று, அங்கே யாரும் அழுவதில்லை.

எந்த வீட்டில் விசாரிப்பது என்று குலுக்கிப் போட்டதில், கீரிகள் குடியிருப்பில் சீட்டு விழுந்தது தங்கபுஷ்பத்துக்கு. மூன்று குட்டிகளுக்குத் தாய். முந்தின நாளிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. நரியார் வளை வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டார்.

வீடு தேடி வந்தவரிடம் பட்டினி என்று யாராவது சொல்வார்களா? "ஆச்சுங்கய்யா" என்றாள். அதோடு விட்டாளா, குட்டிகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த கடைசி முட்டையையும் எடுத்து நீட்டினாள். நரியார் வேண்டாம் வேண்டாம் என்றபடியே அதைக் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, 'சாப்பிட்டாயிற்று. விருந்தினருக்குக் கொடுக்கவும் முட்டை மிஞ்சுகிறது' என்று தாளில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் கீரிகளுக்கு முட்டை நின்றது. மாதிரிக் காட்டில் நானூற்றுப் பன்னிரண்டு கீரிக் குடும்பங்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சிய முட்டையை நரிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. நிஜக் காட்டில் அக்கம்பக்கத்துக் கீரிகள் தங்கபுஷ்பத்தின் வளைக்கு வந்தன. யாரும் திட்டவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயின. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

நரியாரிடம் ஓடிப்போய், மரியாதைக்காகச் சொன்ன பொய் என்று ஒப்புக்கொண்டாள். நரியார் இரக்கப்பட்டார். ஓட்டி முடித்ததைத் திருத்த வழியில்லை, அடுத்த சுற்றில் உள்ளதை உள்ளபடி சொல் என்று அனுப்பிவைத்தார்.

அடுத்த சுற்று வருவதற்குள் கடைசிக் குட்டிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. நரியார் வாயைத் திறந்ததுமே, "இல்லைங்கய்யா. மூணு நாளா இல்லை" என்றாள் தங்கபுஷ்பம்.

"விரதமாம்மா?"

"பசிங்கய்யா."

நரியார் தாளை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா. 'ஆச்சு', 'விரதம்', ரெண்டுதான் இருக்கு. போன தடவை முட்டை மிஞ்சுன வீடு, இந்தத் தடவை சாப்பிடலைன்னா வேற என்னன்னு எழுதுறது?"

அறிக்கையைப் படித்த சிங்கராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஆட்சியில் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் மூன்று நாள் விரதம்! அவருடைய அப்பா காலத்தில்கூட இத்தனை பக்தி இருந்ததில்லை. விரதம் கலையக் கூடாதென்று, கீரிகள் குடியிருப்புப் பக்கம் தின்பண்டம் எதுவும் கொண்டுபோகத் தடை போட்டார். தங்கபுஷ்பத்தைச் சபைக்கு வரவழைத்துப் பொன்னாடை போர்த்தினார்.

அவள் வீடு திரும்பியதும் கடைசிக் குட்டி அந்தப் பொன்னாடையின் ஓரத்தை வாயில் வைத்து மென்றது. சரிகை கசந்தது. ஆனாலும் அது துப்பவில்லை.

நீதி: பசியை ஒழிக்க முட்டை வேண்டியதில்லை, தாளில் அதற்கு ஒரு கட்டம் போடாமல் விட்டாலே போதும்.